சைக்கிளைத் தாண்டித் திரும்பாதீர்கள், சைக்கிளுக்குப் பின்னால் திரும்புங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். திருப்பூர் பல்லடம் ரோட்டில், அருள்புரம் பக்கம், சாயங்கால நேரத்தில் உங்கள் கம்பெனிக்குப் போகும் பிரிவில் இடது பக்கம் திரும்பியிருக்கிறீர்கள். இண்டிகேட்டர் போட்டிருந்தீர்கள், வேகத்தையும் குறைத்திருந்தீர்கள். ஆனாலும் கொஞ்ச தூரத்துக்கு முன்னால் நீங்கள் தாண்டி வந்த சைக்கிள்காரர் உங்கள் காரின் இடது பின்கதவில் மோதி விழுந்துவிட்டார். நல்லவேளையாக முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. "தப்பு யாருடையது? இனிமேல் எப்படித் திரும்பணும்? இப்போ வலது பக்கம் திரும்பவும் பயமா இருக்கு" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தப் பக்கத்தில் பல வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பஞ்சாலை ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போய் வந்தவன், இன்றைக்கும் காலையில் சைக்கிள் மிதிக்கிறவன். அதனால் ஸ்டியரிங் பக்கமிருந்தும் ஹேண்டில்பார் பக்கமிருந்தும் சொல்ல முடியும்.

தப்பு உங்களுடையதுதான். ஆனால் அந்தத் தப்பு பிரிவில் நடக்கவில்லை. அதற்கு முப்பது நாற்பது மீட்டர் முன்னால், சைக்கிளைத் தாண்டலாம் என்று முடிவு செய்தீர்களே, அங்கே நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். பிரிவுக்கு 30 மீட்டர் இருக்கும்போது சைக்கிளைத் தாண்டுகிறீர்கள். தாண்டியதும் பிரேக் பிடித்து, திரும்புவதற்குத் தோதாக 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். பிரிவின் வாய்க்கு வர உங்களுக்கு நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அங்கே காரை வளைத்து, பின்பகுதியும் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போக இன்னும் மூன்று விநாடி. மொத்தம் ஏழு விநாடி. சைக்கிள் சாதாரணமாக 15 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக வருகிறது. அந்த 30 மீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரமும் ஏழு விநாடிதான். அவர் ஏன் பின்கதவில் வந்து மோதினார் என்பது இதில் தெரிந்துவிடும். கொஞ்சம் வேகமாக மிதிப்பவராக இருந்திருந்தால் முன்கதவுக்கு வந்திருப்பார், அல்லது உங்கள் பம்பருக்கு முன்னாலேயே விழுந்திருப்பார்.

தாண்டும்போது, சைக்கிள் பின்னால் போய்விட்டது, அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. நாம் வேகத்தைக் குறைத்த அந்த நிமிஷமே சைக்கிள் நம்மை மறுபடியும் எட்டிப் பிடிக்க ஆரம்பிக்கிறது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, குறைக்க அவருக்குக் காரணமும் இல்லை, அவர் நேராகத்தானே போகிறார்.

"இண்டிகேட்டர் போட்டேனுங்களே" என்று என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இண்டிகேட்டர் நாம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும், அவ்வளவுதான். வழி விடும்படி உத்தரவு போடாது. அதுவும், நீங்கள் தாண்டும்போது சைக்கிள்காரரின் கண் எங்கே இருக்கும்? ஓரத்துக் குழியிலும் மண்ணிலும் இருக்கும். உங்கள் பின்விளக்கு அவர் பார்வைக்குள் வரும்போது நீங்கள் ஏற்கெனவே வளைய ஆரம்பித்திருப்பீர்கள்.

சரி, எப்படித் திரும்புவது? பிரிவு கண்ணுக்குத் தெரிந்ததுமே, ஐம்பது அறுபது மீட்டருக்கு முன்னாலேயே, இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே உங்களுக்கு முன்னால் சைக்கிள் போகிறதா? போகிறது என்றால் தாண்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து அவருக்குப் பின்னால் போய்விடுங்கள். இடது இண்டிகேட்டரை அப்போதே போடுங்கள். அப்புறம் இடது பக்கக் கண்ணாடியைப் பாருங்கள், தலையைத் திருப்பி இடது பின்ஜன்னல் வழியாகவும் ஒரு பார்வை பாருங்கள். யாரும் இல்லை என்று தெரிந்தபிறகு, மெல்ல மெல்ல இடது ஓரத்துக்குப் போங்கள். உங்கள் காருக்கும் தார் ரோட்டின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நுழையும் இடம் இருக்கக் கூடாது. முன்னால் போகும் சைக்கிள் பிரிவைத் தாண்டி நேராகப் போய்விடும். நீங்கள் அவருக்குப் பின்னால் ஓரத்தை ஒட்டியே திரும்பி உள்ளே போய்விடுவீர்கள். குறுக்கே யாரும் வர வழியே இல்லை.

ஓரத்தை அடைப்பதுதான் இதில் பாதி வேலை. நீங்கள் ஓரத்தை அடைத்துக்கொண்டால், பின்னாலிருந்து வரும் சைக்கிளுக்கு இரண்டே வழிதான்: உங்களுக்குப் பின்னால் நிற்கலாம், அல்லது உங்கள் வலது பக்கமாகத் தாண்டிப் போகலாம். இரண்டிலுமே உங்கள் திருப்பத்தின் பாதையில் அவர் இல்லை. நடு ரோட்டிலிருந்து திடீரென்று இடது பக்கம் வெட்டினால்தான், உங்கள் இடது பக்கத்தில் ஒரு சந்து திறந்து கிடக்கும், அதில் சைக்கிள் வரும்.

இது நானாகச் சொல்வது இல்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே, இடது பக்கம் திரும்பும் வண்டி திரும்புகிற ரோட்டிலும் நுழைகிற ரோட்டிலும் முடிந்த அளவு இடது ஓரத்தை ஒட்டியே போக வேண்டும் என்று இருந்தது. 2017இல் அந்த விதிகளுக்குப் பதிலாக வந்த புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், நடந்து போகிறவர்கள், சைக்கிள்காரர்கள், குழந்தைகள், வயதானவர்கள் போன்றவர்களின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டும் பிரிட்டனில், 2022 ஜனவரியில் சாலை விதிக் கையேட்டைத் திருத்தியபோது, நேராகப் போகும் சைக்கிளுக்குக் குறுக்கே திரும்பக் கூடாது என்று தனியாகவே எழுதிச் சேர்த்தார்கள். ஆக, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பொறுப்பு திரும்புகிறவருடையதுதான்.

ஓரத்துக்குப் போகச் சொன்னால், நம் ஊரில் பலர் செய்வது நேர் எதிர். இடது பக்கம் திரும்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு முறை வலது பக்கம் ஒடித்துவிட்டு அப்புறம் இடது பக்கம் வளைப்பார்கள். முக்கில் சாக்கடைக் கல்லோ, நிறுத்திவைத்த ஆட்டோவோ இருக்கும் என்ற பயத்தில் வந்த பழக்கம். காருக்கு இது தேவையே இல்லை. வலது பக்கம் ஒடித்ததும் பின்னால் வருகிற சைக்கிள்காரர், 'இவர் வலது பக்கம் போகிறார், அல்லது எனக்கு வழி விடுகிறார்' என்றுதான் எடுத்துக்கொள்வார். திறந்த இடத்தில் அவர் நுழையும் அதே நேரத்தில் நீங்கள் இடது பக்கம் வளைப்பீர்கள்.

பின்னால் போனால் நேரம் ஆகாதா? 50 மீட்டரைச் சைக்கிள் வேகத்தில் போக 12 விநாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நாலரை விநாடி. வித்தியாசம் எட்டு விநாடிகூட இல்லை. பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடிக்கும், அடிக்கட்டும். அவசரம் அவருடையது, திருப்பம் உங்களுடையது.

பிரிவு இன்னும் வெகுதூரத்தில் இருந்தால் சைக்கிளைத் தாண்டிப் போகலாமா என்றும் கேட்பீர்கள். போகலாம். பிரிவு இன்னும் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது, தாண்டியபிறகு ஓரம் வந்து, கண்ணாடியில் சைக்கிள் சின்னதாகத் தெரியும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். சந்தேகமாக இருந்தால் பின்னால் நில்லுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், பக்கக் கண்ணாடி குவிந்த கண்ணாடி, அதில் சைக்கிள் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும்.

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்லணும். இடது பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தபடியே ஓட்டும் கார்களைக் கோயம்புத்தூர், ஈரோடு இரண்டு ஊரிலும் தினமும் பார்க்கிறேன். சந்துக்குள் போகும்போது மடக்கினது, அப்புறம் விரிக்க மறந்தது. அந்தக் கண்ணாடி இல்லாமல் இடது பக்கம் திரும்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்புவதற்குச் சமம். அதே மாதிரி, நேராகப் போவதற்காகச் சந்திப்பில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போகிறார்கள். உங்கள் இடது பின்பக்கம் இருக்கிற சைக்கிள்காரருக்கு இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இடது பக்கம் திரும்புகிறீர்கள் என்று நினைத்து அவர் நிற்பார், அல்லது வலது பக்கம் ஒடிப்பார். நாலு விளக்கு, வண்டி கெட்டு நிற்கும்போது போட வேண்டியது.

இனி ஹாரன். கோபி ரோட்டில் ஒரு முறை கற்றுக்கொள்ள வந்த பையன் ஓட்டிக்கொண்டிருந்தான். முன்னால் பால்காரர், கேரியரின் இரண்டு பக்கமும் கேன் தொங்குகிறது. பையன் பத்தடி பின்னால் போய்ப் பலமாக ஹாரன் அடித்தான். பால்காரர் யார் என்று வலது தோள் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலை திரும்பினதோடு வலது கை ஹேண்டில்பாரை இழுத்தது, முன்சக்கரம் ரோட்டுக்குள் வந்தது, கேன்கள் ஆடி வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். பையன், "ஏனுங்கண்ணா, ஹாரன் அடிச்சா ஓரம் போகணுமில்லீங்களா?" என்றான். ஓரம் எங்கே இருக்கிறது, பார் என்று காட்டினேன். தார் முடிகிற இடத்தில் மூன்று விரல்கடை பள்ளம், அதற்கப்புறம் பொடி மண். பாரம் ஏற்றின சைக்கிள் அதில் இறங்கினால் விழுந்துவிடும். அவர் தாருக்கு உள்ளேயே ஓட்டுவதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. ஹாரன் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெகு முன்னாலேயே, முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து, லேசாக ஒரு தட்டு. பக்கத்தில் போய் அடிக்கவே வேண்டாம்.

சைக்கிள்காரரின் உடம்பைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அவர் கையை நீட்டிச் சைகை காட்டுவது அபூர்வம், ஆனால் உடம்பு சொல்லிவிடும். தலை வலது பக்கம் திரும்பினால் அடுத்த சில விநாடிகளில் வலது பக்கம் வருவார். முன்னால் குழியோ, மழைத் தண்ணீரோ, நின்றிருக்கும் குட்டியானை லோடு வண்டியோ இருந்தால் தலையைத் திருப்பாமலே வருவார். சீட்டிலிருந்து எழுந்து மிதித்தால் வேகம் கூட்டுகிறார் என்று அர்த்தம். மிதிப்பதை நிறுத்திவிட்டார் என்பதற்காக மட்டும் உங்களுக்கு வழி விடுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். மிதிக்காமலும் சைக்கிள் உருண்டு வரும், இறக்கம் உள்ள ரோட்டில் நல்ல வேகத்திலேயே வரும்.

மழை நாளில் இன்னும் ஒரு மடங்கு இடம் கொடுங்கள். நம் பக்கத்தில் அதிகம் ஓடுகிற பழைய பாணி சைக்கிள்களுக்கு இரும்பு ரிம், அதன்மேல் பளபளப்பு முலாம். பிரேக் கட்டை அந்த ரிம்மைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். ரிம் நனைந்துவிட்டால் பிடிப்பு பெரும்பகுதி போய்விடும், சக்கரம் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கும். ஒரு கையில் குடை பிடித்திருந்தால் ஒரு பிரேக்தான். ஐப்பசி கார்த்திகை மழையில், "என்னைப் பார்த்துட்டார், நிறுத்திடுவார்" என்று நினைத்துத் திரும்பாதீர்கள். பார்த்திருப்பார், நிறுத்த முடியாது.

நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் பஸ்ஸோ லாரியோ இருந்தால் அந்த டிரைவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். பெரிய வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே போகாது, உள்வாங்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 6 மீட்டர் இடைவெளி இருக்கிற வண்டி 12 மீட்டர் ஆரத்தில் வளைந்துகொண்டே போனால், பின்சக்கரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி வரும். முன்பக்கம் சைக்கிளைத் தாண்டிவிட்டது, இடமும் இருந்தது, ஆனால் பின்சக்கரம் வரும்போது அந்த இடம் இல்லை. சைக்கிள்காரர் வண்டிக்கும் முக்குச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். உயிர் போகிற விபத்துகள் பல இப்படித்தான் நடக்கின்றன. முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இடது பக்கம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "சைக்கிள் வருது, ஹோல்டான்" என்று கதவைத் தட்டுவார். இப்போது பல வண்டிகளில் கிளீனர் இல்லை, அந்தக் கண்ணும் இல்லை. ஜெர்மனியில் 2020 முதல், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், சைக்கிளோ நடப்பவர்களோ வரக்கூடிய இடத்தில் ஊருக்குள் ஓரப் பக்கத் திருப்பத்தை ஆள் நடக்கும் வேகத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். நம்மிடம் அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கம்பெனி முதலாளி தன் டிரைவர்களுக்கு நாளைக்கே சொல்லலாம்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் ரோட்டில் கட்டாயம் வரும். இட்டேரியிலிருந்தோ (வேலிகளுக்கு நடுவில் போகும் வண்டிப்பாதை) கம்பெனித் தெருவிலிருந்தோ மெயின் ரோட்டில் ஏறி இடது பக்கம் திரும்பும்போது, எல்லோரும் வலது பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம். வண்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன. வலது பக்கம் காலியானதும் வண்டியை எடுத்துவிடுகிறோம். அந்த நேரத்தில் இடது பக்கமிருந்து, ஓரத்தை ஒட்டி, ராங் சைடில் ஒரு சைக்கிள் வரும். நடுவில் தடுப்பு இருக்கிற ரோடுகளிலும், கோவை சேலம் பைபாஸ் சர்வீஸ் ரோடுகளிலும் இது தினப்படி நடப்பது. தடுப்பில் திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ப் பக்கம் போய், திரும்பி வந்து, இரண்டு கிலோமீட்டர் மிதிக்க யாருக்கு மனசு வரும்? அவர் செய்வது விதிப்படி தப்புதான். ஆனால் உங்கள் பம்பர் அவர் காலில் பட்டால் அந்த நியாயம் யாருக்கும் உதவாது.

இந்த மாதிரிப் பார்வைத் தவறு நம் ஊரில் மட்டும் இல்லை. 1990களில் பின்லாந்தில், ஹெல்சின்கி நகரத்துச் சந்திப்புகளில் ஓட்டுநர்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஆராய்ந்தார்கள். அங்கே வலது பக்கம் ஓட்டுவார்கள், வண்டிகள் இடது பக்கமிருந்து வரும். வலது பக்கம் திரும்புகிறவர்கள் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு, வலது பக்கமிருந்து வரும் சைக்கிளைத் தவறவிட்டார்கள். வேகத்தைக் குறைக்க வைக்கும் ஏற்பாடுகள் செய்த இடங்களில் வலது பக்கமும் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம். மெதுவாக வந்தால்தான் இரண்டு பக்கமும் பார்க்க நேரம் கிடைக்கும். அதனால் ரோட்டில் ஏறும் முன் முழுதாக நிறுத்துங்கள். வலது, இடது, மறுபடி வலது, வண்டியை நகர்த்தும் அந்த நிமிஷத்தில் மறுபடி இடது. கிளுவை வேலியோ சுவரோ மறைத்தால் மூக்கை மட்டும் அங்குலம் அங்குலமாக நீட்டுங்கள்.

வலது பக்கம் திரும்புவதற்கு வருவோம். இங்கே ஆபத்து எதிரே வருகிற சைக்கிள். நம் கண் பஸ், லாரி, கார் இவற்றுக்கு நடுவில் இடைவெளி தேடுகிறது. இடைவெளி கிடைத்ததும் மனசு, "போ" என்கிறது. அந்த இடைவெளியின் ஓரத்தில் ஒரு சைக்கிள் வருவது கண்ணில் பட்டும் மனசில் பதியாமல் போகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி எதிர்ப்பக்க ரோட்டை முழுதாகக் கடக்க நாலைந்து விநாடி ஆகும். 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் விநாடிக்கு 5 மீட்டர் வரும். அப்படியென்றால் 25 மீட்டர் தள்ளி வருகிற சைக்கிள் உங்களைச் சரியாக வந்து சேரும். ஆகவே பெரிய வண்டிகளைப் பார்த்து முடித்த பிறகு, எதிர்ப்பக்கத்தின் ஓரத்தை மட்டும் தனியாக ஒரு முறை பாருங்கள். "சைக்கிள் இருக்கா?" என்று உங்களையே கேட்டுக்கொண்டு பார்த்தால்தான் அது தெரியும்.

இதிலேயே மோசமானது, எதிரே வரும் டவுன் பஸ் டிரைவர் நல்ல மனசோடு நிறுத்தி, "போங்க" என்று கை காட்டுவது. அவர் தன் வண்டிக்காகத்தான் சொல்கிறார். பஸ்ஸின் இடது பக்கமாக வருகிற சைக்கிள் அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு, பஸ்ஸின் மூக்கைத் தாண்டும் இடத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

முக்கை வெட்டாதீர்கள். 1989 விதியிலேயே, இரண்டு ரோடுகளின் நடுக்கோடுகள் சந்திக்கும் புள்ளியை உங்கள் வலது கைப்பக்கம் விட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று இருந்தது. வெட்டித் திரும்பினால் நேராகப் போய் நிற்பது, அந்தத் தெருவிலிருந்து வெளியே வரக் காத்திருக்கிற சைக்கிள்காரர் மேல்தான். இடைவெளிக்காகக் காத்திருக்கும்போது ஸ்டியரிங்கை நேராகவே வைத்திருங்கள். முன்கூட்டியே வளைத்து வைத்திருந்தால், பின்னால் யாராவது இடித்தால் உங்கள் கார் எதிர்ப்பக்கத்துக்குள் பாயும். அப்புறம், முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிற தூண் ஒரு சைக்கிளை ஆளோடு சேர்த்து முழுசாக மறைக்கும். நீங்கள் வளையும் வேகமும் அவர் வரும் வேகமும் பொருந்திவிட்டால் கடைசிவரைக்கும் தூணுக்குப் பின்னாலேயே இருப்பார். தலையை முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், இது ஒன்றுக்குச் செலவே இல்லை.

கோயம்புத்தூர் போனால் இன்னொரு வகை. அங்கே பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். யூ-டர்ன் எடுக்கும்போது எதிர்ப்பக்கம் முழுவதையும் குறுக்கே கடக்கிறோம், அகலமாக வளைந்தால் நேராக இடது ஓரத்துக்கே போய்விடுகிறோம். அங்கேதான் சைக்கிள் வருகிறது. முடிந்தவரை தடுப்பை ஒட்டின பாதையிலேயே முடித்துக்கொண்டு, அப்புறம் நிதானமாக ஓரம் வாருங்கள். அந்த ஊர்ச் சுங்கம் மாதிரி ரவுண்டானாவில் உள்ளே நுழைவதைவிட வெளியேறுவதில்தான் கவனம் வேண்டும். உள்வட்டத்திலிருந்து வெளியே வெட்டுவதும் ஓர் இடது திருப்பம்தான், வெளி ஓரத்தில் சைக்கிள் சுற்றிக்கொண்டிருக்கும்.

இருட்டில் எல்லாமே கடினம். பனியன் கம்பெனி ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் திருப்பூரைச் சுற்றி எந்த ரோட்டிலும் பாருங்கள், கறுப்புச் சைக்கிள், கறுப்புச் சட்டை, விளக்கு இல்லை. வேலைக்கு வந்த வடமாநிலத்துப் பையன்கள் பலர் பழைய சைக்கிளை வாங்கி ஓட்டுகிறார்கள், டைனமோ என்றைக்கோ போயிருக்கும். பின்னால் இருக்கிற சிவப்புப் பிரதிபலிப்பான் உங்கள் விளக்கு நேராக அதன்மேல் பட்டால்தான் ஒளிரும், குறுக்கே போகிற சைக்கிளில் அது தெரியாது. உங்கள் ஹெட்லைட் நேராகத்தான் வெளிச்சம் போடுகிறது, நீங்கள் திரும்பப்போகிற இடம் திரும்பி முடிக்கும்வரை இருட்டாகவே இருக்கும். எதிர் வண்டி ஹைபீம் அடித்தால் கண் கூசி ஒன்றுமே தெரியாது. அப்போது காத்திருங்கள், கண் தெளியட்டும். அந்தப் பையன்களுக்குப் பின்னால் ஒட்டும் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர் வாங்கிக் கொடுக்க உங்கள் கம்பெனியால் முடியும் என்றால் அதைச் செய்யச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் தனி. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளில் மூன்று நாலு பேர் வரிசை கட்டி, பேசிக்கொண்டே வருவார்கள். ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள், ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் பக்கவாட்டில் ஒடிப்பார். அவர்களை நடுவில் பிரித்துக்கொண்டு திரும்பாதீர்கள். கடைசிச் சைக்கிளும் போகட்டும்.

இனி, நீங்கள் ஏற்கெனவே ஓரத்தில் இடம் விட்டு நின்றுவிட்டீர்கள், சைக்கிள் உங்கள் இடது பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டது, என்ன செய்வது? அசையாமல் நில்லுங்கள். அவரைத் தள்ளி ஓரத்தை அடைக்கப் பார்க்காதீர்கள், கை காட்டி நிறுத்தவும் பார்க்காதீர்கள். கை காட்டினால் சிலர் நிற்பார்கள், சிலர் வேகம் கூட்டுவார்கள். அவர் போனதும் கண்ணாடியை மறுபடி பாருங்கள், ஒரு சைக்கிளுக்குப் பின்னால் இன்னொன்று வருவது வழக்கம். பக்கத்தில் வீட்டுக்காரம்மாவோ பெரியவரோ உட்கார்ந்திருந்தால், "இடது பக்கம் யாராவது வர்றாங்களா?" என்று கேளுங்கள். ஆனால் அவர் பதிலை வைத்துத் திரும்பாதீர்கள், நீங்களும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோடு காலியாக இருக்கும்போது உங்கள் கம்பெனிப் பிரிவுக்கே போய், ஓரம் அடைத்துத் திரும்புவதை நாலு தடவை செய்து பாருங்கள். உங்கள் காரின் இடது சக்கரம் தார் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று, நிறுத்தி இறங்கிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அரை அடி என்று நினைத்து நிறுத்தியது உண்மையில் மூன்று அடியாக இருக்கும். அந்த அளவு கண்ணுக்குப் பழகிவிட்டால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் தானாகவே கை அந்த இடத்துக்குப் போகும்.